யாரும் இடிக்கல, ஆனா கால் போச்சு: கால்பந்து கிளப்புகள் காயத்தை எப்படித் தடுக்கின்றன?

வலது ஓரத்தில் பந்து வருகிறது. விங்கர் பாய்ந்து ஓடுகிறார். இருபது மீட்டர்கூடப் போயிருக்க மாட்டார். சட்டென்று வேகம் குறைந்து, தொடையின் பின்பக்கத்தைக் கையால் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்துவிடுகிறார். எதிரணி வீரர் யாரும் அவரைத் தொடவே இல்லை. ‘யாருமே இடிக்கலையே, அப்புறம் என்னாச்சு?’ என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

ஐஎஸ்எல் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. சென்னையில் ஆபீஸ் முடித்து ராத்திரி டர்ஃபில் ஆடுபவர்களுக்கும், லீவுக்கு சந்தவாசலுக்கோ ஆரணிக்கோ போய்ப் பழைய நண்பர்களோடு மைதானத்தில் இறங்குபவர்களுக்கும் இது தெரிந்த வலிதான். ‘நேரம் சரியில்ல’, ‘கண்ணு பட்டுடுச்சு’ என்று சொல்லி நகர்ந்துவிடுவோம்.

ஆனால், கடந்த 25 ஆண்டுகளில் தொழில்முறைக் கால்பந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. இப்படி யாரும் தொடாமலேயே வரும் காயங்களில் கணிசமானவற்றை முன்கூட்டியே தடுக்கலாம். அதற்கான முக்கிய வழிகளுக்குப் பெரிய செலவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், வழி தெரிந்த பிறகும் உலகின் பணக்கார கிளப்புகளே அதை ஒழுங்காகச் செய்யவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு சீசனுக்கு எத்தனை காயம்?

ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் யான் எக்ஸ்ட்ராண்ட், 2001-ல் ஐரோப்பிய கால்பந்துச் சம்மேளனத்துடன் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் யாருக்கு, எப்போது, எந்த இடத்தில் அடிபட்டது, எத்தனை நாள் ஆட முடியவில்லை என்று ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். விளையாட்டுக் காயங்களைப் பற்றி நடந்த மிக நீண்ட ஆய்வுகளில் ஒன்று இது.

அதில் கிடைத்த கணக்கு: 25 வீரர்கள் கொண்ட அணிக்கு ஒரு சீசனில் சுமார் 50 காயங்கள். அதாவது ஆளுக்கு இரண்டு. இவற்றில் பாதி ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் எட்டு அல்லது ஒன்பது காயங்கள் நான்கு வாரத்துக்கு மேல் வீரரை வெளியே உட்கார வைக்கும்.

பயிற்சியைவிடப் போட்டியில்தான் ஆபத்து அதிகம். 1,000 மணி நேரப் பயிற்சிக்கு 4 காயங்கள் என்றால், 1,000 மணி நேரப் போட்டிக்கு 27-க்கு மேல். கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

இன்னொரு விஷயம்தான் கவலை தருவது. 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதம் பின்னந்தொடைத் தசைக் காயம், அதாவது நாம் ‘ஹாம்ஸ்ட்ரிங்’ என்று சொல்வது. 2021-22-ல் அது 24 சதவீதம். மருத்துவம் வளர்ந்தது, கருவிகள் வந்தன. ஆனால் இந்தக் காயத்தின் பங்கு மட்டும் இரட்டிப்பானது.

காயம் பட்டால் புள்ளியும் போகும்

ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 24 கிளப்புகளை 11 சீசன்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2013-ல் வெளியானது. முந்தைய சீசனைவிடக் காயச் சுமை குறைந்து, அதிக வீரர்கள் ஆடத் தயாராக இருந்த சீசன்களில் அந்த அணிகள் லீக் பட்டியலில் மேலே இருந்தன. ஆட்டத்துக்குக் கிடைத்த சராசரிப் புள்ளியும் கூடியது.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? 2015-லும் 2017-18-லும் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற அணி சென்னையின் எஃப்சி. 2019-20-ல் மீண்டும் இறுதிப்போட்டிவரை போனது. அந்தப் பயணத்தில் பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோவுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த சீசனின் நடுவில் அவருக்குக் கணுக்காலில் காயம். மீதி ஆட்டங்கள் போச்சு. அணி 8-வது இடத்தில் முடித்தது. எல்லாப் பழியையும் ஒரு கணுக்கால் மீது போட முடியாது. ஆனால் ஆட்டத்தை நடத்தும் ஆள் இல்லையென்றால் அணி எப்படித் தடுமாறும் என்பதை ரசிகர்கள் கண்ணாரப் பார்த்தார்கள்.

அதே கிளப்பின் அபிமான ஸ்ட்ரைக்கர் ஜேஜே லால்பெக்லுவா, முழங்கால் பிரச்சினையால் 2019-20 சீசன் முழுவதையும் இழந்தார். இந்தியத் தடுப்பாட்ட வீரர் சந்தேஷ் ஜிங்கன், 2019 அக்டோபரில் தேசிய அணிக்கான ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்காலின் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து, அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார்.

உலக அளவில் அண்மைய உதாரணம் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி. ஆட்டங்களின் எண்ணிக்கை இப்படியே கூடினால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை வரலாம் என்று 2024 செப்டம்பரில் சொன்னார். சில நாட்களிலேயே, செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய ஏசிஎல் கிழிந்தது. தொடர்ந்து நான்கு முறை லீக் சாம்பியனான சிட்டி, அந்த சீசனில் மூன்றாம் இடத்தில் முடித்தது.

ஒரு முழங்காலால் பிறந்த ஆய்வகம்

காயத் தடுப்பை ஒரு தனித் துறையாகவே நடத்திய முன்னோடி கிளப் இத்தாலியின் ஏசி மிலன். 2000-ல் ரியல் மாட்ரிட்டிலிருந்து அர்ஜென்டினாவின் ஃபெர்னாண்டோ ரெடோன்டோவைப் பெரும் தொகைக்கு வாங்கியது. வந்த சில நாட்களிலேயே பயிற்சியில் முழங்கால் போனது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவரால் ஆட முடியவில்லை. குணமாகும்வரை சம்பளம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

2002-ல் பெல்ஜியத்தின் ஜான்-பியர் மீர்ஸ்மான் தலைமையில் ‘மிலன் லேப்’ தொடங்கியது. தசை வலிமை, உடல் சமநிலை, ரத்தப் பரிசோதனை, மனநிலை என எல்லாவற்றையும் தொடர்ந்து அளந்து, யாருக்கு ஓய்வு வேண்டும், யாருக்கு வேலை கூட்டலாம் என்று பார்த்தார்கள். 2007-ல் வயதில் மூத்த வீரர்கள் நிறைந்த அணியோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பையை மிலன் வென்றது. கேப்டன் பாவ்லோ மால்டினிக்கு அப்போது 38 வயது. அவர் ஓய்வு பெற்றது 2009-ல், 41-ஐ நெருங்கும்போது. வெற்றிக்கு மிலன் லேப் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால், ‘அடிபட்ட பிறகு வைத்தியம்’ என்பதிலிருந்து ‘அடிபடும் முன்னே கவனிப்பு’ என்று கிளப்புகளின் யோசனை திரும்பியதில் அதற்கு இடம் உண்டு.

ஓடும்போது தசை ஏன் கிழிகிறது?

முழு வேகத்தில் ஓடும்போது காலை முன்னால் வீசுகிறோம். பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, வீசிய காலுக்கு பிரேக் போடுவது பின்னந்தொடைத் தசைதான். அந்த நொடியில் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். சுருங்கி வேலை செய்வதைவிட, நீளும்போது வேலை செய்வது தசைக்குக் கடினம். வலிமை போதாமல் இருந்தாலோ, களைத்திருந்தாலோ, அந்த வேகம் பழக்கமில்லாமல் இருந்தாலோ நார்கள் கிழியும்.

ஏசிஎல் கதை வேறு. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் ஒரு முக்கியமான ஜவ்வு அது. குதித்து இறங்கும்போது, அல்லது ஓடிக்கொண்டே திடீரென்று திரும்பும்போது, முழங்கால் உள்பக்கமாக மடங்கினால் கிழிந்துவிடும். இதற்கும் பல நேரம் எதிராளியின் மோதல் தேவையில்லை. பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக் பட்டம் வென்ற மாநிலம் இது. பள்ளி, கல்லூரிப் பெண்கள் பந்தோடு இறங்கும் ஒவ்வொரு மைதானத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஆக, காரணங்கள் இரண்டு. ஒன்று, வேலைக்குத் தகுந்த வலிமையும் உடல் கட்டுப்பாடும் இல்லாமை. இரண்டு, பழகிய அளவைவிடத் திடீரென்று கூடும் சுமை. மோதலில் உடையும் எலும்பை எந்த விஞ்ஞானமும் முழுதாகத் தடுக்க முடியாது. மற்றபடி கிளப்புகளின் விளையாட்டு அறிவியல் துறை இந்த இரண்டோடுதான் மல்லுக்கட்டுகிறது.

கிளப்பில் ஒரு வாரம் எப்படிப் போகும்?

காலையில் பயிற்சிக்கு வரும் வீரரிடம் முதலில் கேட்பது நாலைந்து எளிய கேள்விகள். எத்தனை மணி நேரம் தூங்கினாய்? உடம்பு வலி எப்படி? களைப்பு? மனசு? சில கிளப்புகளில் தொடை இடுக்கின் பலத்தையும் ஒரு கருவியால் அளப்பார்கள். நேற்றைவிட சட்டென்று குறைந்திருந்தால் பிசியோ உஷாராகிவிடுவார்.

களத்தில் இறங்கும்போது வீரரின் சட்டைக்குள் ஒரு சின்ன பனியன். முதுகுப்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ் கருவி. மொத்தம் எவ்வளவு ஓடினார், எவ்வளவு தூரம் முழு வேகத்தில் ஓடினார், எத்தனை முறை சட்டென்று வேகம் கூட்டிக் குறைத்தார் என்று அது கணக்கெடுக்கும். ஒரு ஆட்டத்தில் நடுக்கள வீரர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். ஆனால் பயிற்சியாளருக்கு முக்கியம் மொத்த தூரமல்ல. அதில் வேகமாக ஓடியது எவ்வளவு என்பதுதான்.

வாரத்தின் கடுமையான பயிற்சி நடுவில் வரும். ஆட்டம் நெருங்க நெருங்கச் சுமை குறையும். ஆட்டம் முடிந்த மறுநாள் 90 நிமிடம் ஆடியவர்களுக்கு லேசான வேலை. பெஞ்சில் இருந்தவர்களுக்கோ நேர்மாறு; அவர்களைத் தனியாக வேக ஓட்டம் ஓட விடுவார்கள். காரணம், வேகமாக ஓடி ஓடித்தான் தசை அந்த வேகத்துக்குப் பழகும். மூன்று வாரம் பெஞ்சில் இருந்துவிட்டு நான்காம் வாரம் திடீரென்று முழு ஆட்டம் ஆடுபவருக்குத்தான் தொடை பிடிக்கும்.

கருவி இல்லாதவர்களுக்கு என்ன வழி? அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் உருவாக்கிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 10-க்கு மதிப்பெண் போடுங்கள். அதை ஆடிய நிமிடங்களால் பெருக்குங்கள். அதுதான் அன்றைய சுமை. பெரிய கிளப்புகளும் ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து இதையும் பயன்படுத்துகின்றன.

போட்டுப் பார்ப்போம். நீங்கள் வாரம் ஒரு நாள், 60 நிமிடம், 6 மதிப்பெண் அளவுக்கு ஆடுபவர். வாரச் சுமை 360. பொங்கல் லீவில் இரண்டு நாள் டோர்னமென்ட், நாளுக்கு மூன்று ஆட்டம், ஒவ்வொன்றும் 40 நிமிடம், கஷ்டம் 8. மொத்தம் 1,920. ஒரே வாரத்தில் ஐந்து மடங்குக்கு மேல்! இரண்டாம் நாள் மாலையில் யாராவது நொண்டிக்கொண்டு வெளியேறினால் அது கண்ணு பட்டதால் அல்ல.

ஆரணி, சந்தவாசல் பக்கம் பட்டுத்தறி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது. தினமும் நெய்யும் நேரத்துக்கு இடுப்பும் முழங்காலும் பழகியிருக்கும். முகூர்த்த சீசனில் ஆர்டர் குவிந்து, சேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்க ராத்திரியும் தறியில் உட்கார்ந்தால், நாலாம் நாள் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும். தறி அதே தறிதான், ஆள் அதே ஆள்தான். கூடியது நேரமும் வேகமும்.

இந்த வாரச் சுமையை, கடந்த நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிடும் முறையை ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் காபெட் பிரபலமாக்கினார். விகிதம் 0.8-க்கும் 1.3-க்கும் இடையில் இருந்தால் பாதுகாப்பு என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்த எண்களைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஒரு விகிதத்தை வைத்து ‘இவருக்கு நாளை அடிபடும்’ என்று ஜோசியம் சொல்ல முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, திடீரென்று ஏற்றாதே’ என்ற அடிப்படையை யாரும் மறுக்கவில்லை.

ஓய்வும் காயம் தருமா?

தரும். சும்மா இருந்துவிட்டு சட்டென்று இறங்கினால் தரும். அமெரிக்காவின் என்எஃப்எல் லீக்கில் 2011-ல் ஒப்பந்தத் தகராறு வந்து, நாலரை மாதம் வீரர்களால் கிளப் வளாகத்துக்குள் போக முடியவில்லை. தகராறு தீர்ந்து பயிற்சி தொடங்கிய முதல் 29 நாட்களில் 12 வீரர்களுக்குக் குதிகால் நரம்பு அறுந்தது. அதில் 10 பேருக்கு முதல் 12 நாட்களிலேயே!

இந்தியக் கால்பந்துக்கு இது தூரத்துக் கதை அல்ல. ஐஎஸ்எல்லின் முதல் சீசன் 2014 அக்டோபர் 12-ல் தொடங்கி டிசம்பர் 20-ல் முடிந்தது. பத்து வாரத்துக்குள் ஒவ்வொரு அணிக்கும் 14 லீக் ஆட்டங்கள். பிறகு லீக் நீண்டது. ஆனாலும் சீசன்களுக்கு இடையிலான இடைவெளி பெரிதாகவே இருந்தது. 2024-25 சீசன் 2025 ஏப்ரல் 12-ல் முடிந்தது. அடுத்த சீசன் வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் வழக்கமான நேரத்தில் தொடங்கவில்லை. சில கிளப்புகள் முதல் அணியின் செயல்பாடுகளையே நிறுத்திவைத்தன. வீரர்களுக்குச் சம்பளக் கவலை ஒரு பக்கம். எப்போது ஆட்டம் என்று தெரியாமல் உடம்பைத் தயாராக வைத்திருக்க வேண்டிய கஷ்டம் இன்னொரு பக்கம். அட்டவணையை இழுத்தடிப்பவர்கள் மேசையில் எடுக்கும் முடிவு, கடைசியில் ஒரு வீரரின் தொடையில்தான் வந்து நிற்கிறது.

செலவில்லாத இரண்டு மருந்துகள்

முதலாவது, ‘நார்டிக்’ பயிற்சி. முழங்காலிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். பின்னால் ஒருவர் உங்கள் கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை நேராக வைத்து, மெதுவாக முன்பக்கம் சாயுங்கள். முடிந்தவரை பின்னந்தொடையால் இழுத்துப் பிடியுங்கள். இனி முடியாது என்னும்போது கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். ஓடும்போது தசை செய்யும் அந்த பிரேக் வேலைக்கு இது நேரடிப் பயிற்சி.

டென்மார்க்கில் 50 அணிகளின் 942 வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2011-ல் வெளியாயின. நார்டிக் செய்யாத பிரிவில் 52 பின்னந்தொடைக் காயங்கள். செய்த பிரிவில் 15. ஏற்கெனவே காயம்பட்டு மறுபடியும் அதே இடத்தில் அடிபட்டவர்களின் கணக்கு இன்னும் ஆச்சரியம்: செய்யாத பிரிவில் 20, செய்த பிரிவில் 3. அவர்கள் தொடங்கியது மிகச் சிறிய அளவில்தான். முதல் வாரம் ஒரே ஒரு நாள், இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து முறை. பத்து வாரத்தில் படிப்படியாகக் கூட்டினார்கள்.

இரண்டாவது, ‘ஃபிஃபா 11+’. ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையமும் நார்வே, அமெரிக்க நிபுணர்களும் 2006-ல் உருவாக்கிய 20 நிமிட வார்ம்-அப். மொத்தம் 15 பயிற்சிகள், மூன்று பகுதிகள். முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டங்கள். அடுத்த 10 நிமிடம் பிளாங்க், நார்டிக், ஒற்றைக்காலில் நிற்பது, ஸ்குவாட், குதிப்பது. கடைசி 2 நிமிடம் வேகமான ஓட்டமும் திரும்புதலும். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். இதுதான் அதில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விஷயம்.

நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 பெண்களிடம் நடந்த ஆய்வில், இந்த வார்ம்-அப் செய்தவர்களுக்கு ஒட்டுமொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியானது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் அணிகளில் நடந்த இன்னொரு ஆய்விலும் காயங்கள் 46 சதவீதம் குறைந்தன.

ஜிபிஎஸ் வேண்டாம், ஜிம் வேண்டாம். தரையும், கணுக்காலைப் பிடிக்க ஒரு நண்பரும், 20 நிமிடமும் போதும்.

தெரிஞ்சும் ஏன் செய்யல?

நார்டிக் பயிற்சியின் பலன் நிரூபணமான பிறகு, சாம்பியன்ஸ் லீக், நார்வே முதல்நிலை லீக் ஆகியவற்றின் 50 கிளப்புகளில் அதை யார் முறையாகச் செய்கிறார்கள் என்று ரோல்ட் பார் தலைமையிலான குழு விசாரித்தது. 2015-ல் வந்த பதில்: சொன்னபடி முழுமையாகச் செய்தது பத்தில் ஒரு பங்குதான். 83 சதவீதம் செய்யவில்லை என்றே சொல்லலாம். பின்னந்தொடைக் காயங்களின் பங்கு இரட்டிப்பானதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

காரணங்கள் ரொம்ப மனிதத்தனமானவை. முதல் சில தடவை செய்தால் தொடை வலிக்கும். ஆட்டத்துக்கு முந்தைய வாரத்தில் வீரருக்கு அது பிடிக்காது. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் வந்தால் நேரம் கிடைக்காது. பந்து இல்லாத பயிற்சி போரடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், நடக்காமல் போன காயம் யார் கண்ணுக்கும் தெரியாது. கோல் போட்டவருக்குக் கைதட்டல் உண்டு. பிப்ரவரியில் கிழிந்திருக்க வேண்டிய ஒரு தசையைக் கிழியாமல் காப்பாற்றிய பிசியோவுக்கு யார் கைதட்டுவார்கள்?

இன்னொரு காரணம் அதிகாரம். எக்ஸ்ட்ராண்ட் குழு 36 கிளப்புகளில் தலைமைப் பயிற்சியாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை எப்படி இருக்கிறது என்று பார்த்தது. இருவரும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளாத கிளப்புகளில் காயச் சுமை கூடுதல். பயிற்சிக்கு வர முடிந்த வீரர்கள் குறைவு. ‘இன்னிக்கு இவனுக்கு ரெஸ்ட் வேணும்’ என்று பிசியோ சொன்னால், கோச் காதில் வாங்க வேண்டும். அது நடக்காத இடத்தில் கோடி ரூபாய்க் கருவியும் வெறும் வரைபடம்தான்.

சின்ன மைதானத்தில் பெரிய விலை

பெரிய கிளப் வீரருக்கு ஏசிஎல் கிழிந்தால் அறுவைசிகிச்சை, தினசரி பிசியோ, ஒப்பந்தச் சம்பளம் எல்லாம் பின்னால் நிற்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடமோ, ரயில்வே, போலீஸ் வேலையோ எதிர்பார்த்து ஆடும் ஒரு கிராமத்துப் பையனுக்கு அப்படி யாரும் இல்லை. ஒரு சீசன் போனால் செலக்‌ஷன் போகும். செலக்‌ஷன் போனால் வேலையே போகலாம். ஐடி வேலையில் இருப்பவருக்கு அறுவைசிகிச்சை, லீவு, மாதக்கணக்கில் நொண்டி நடை. தறியில் மிதிக்கும் காலோ, டெலிவரி பைக் ஓட்டும் காலோ என்றால் அன்றன்றைய கூலியே நின்றுவிடும்.

2022 நவம்பரில், சென்னையைச் சேர்ந்த 17 வயது கல்லூரிக் கால்பந்து வீராங்கனை ஒருவர், முழங்கால் ஜவ்வுக்கான அறுவைசிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் முதலில் காலையும் பிறகு உயிரையும் இழந்தார். தமிழகமே கலங்கிய சம்பவம் அது. இப்படிப்பட்ட சிகிச்சைகள் பொதுவாகப் பாதுகாப்பானவைதான். பயந்து தள்ளிப்போடக் கூடாது. ஆனால் சிகிச்சை தேவைப்படும் நிலைக்கே போகாமல் தடுக்க 20 நிமிடம் செலவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அது நினைவூட்டுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆட்டத்துக்கு முன் சும்மா இரண்டு ஷாட் அடிப்பது வார்ம்-அப் ஆகாது. ஃபிஃபா 11+ பயிற்சிகளின் வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் இரண்டு முறையாவது செய்யுங்கள். வாரம் ஒரு முறைதான் ஆட்டம் என்றால், இன்னொரு நாள் வீட்டிலேயே செய்யலாம்.

நார்டிக்கை ஐந்து முறையில் தொடங்குங்கள். முதல் வாரம் தொடை வலித்தால் பயப்பட வேண்டாம், படிப்படியாகப் பழகும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் மட்டும் புதிதாகத் தொடங்காதீர்கள்.

நிமிடம் பெருக்கல் கஷ்டம்: இந்தக் கணக்கை போனில் குறித்துவையுங்கள். டோர்னமென்ட் வருகிறது என்று தெரிந்தால் ஒரு மாதம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நீண்ட லீவுக்குப் பிறகு முதல் நாளே முழு ஆட்டம் வேண்டாம்.

தூக்கத்தை விடாதீர்கள். 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி வயது விளையாட்டு வீரர்களுக்குக் காய வாய்ப்பு 1.7 மடங்கு இருந்ததாக 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

அடிபட்டால் மறைக்காதீர்கள். ‘கொஞ்சம் பிடிச்சிருக்கு, ஆடிடலாம்’ என்பதுதான் மிக ஆபத்தான வசனம். பின்னந்தொடைக் காயம் திரும்ப வருவதில் பெரும்பகுதி, களத்துக்குத் திரும்பிய முதல் இரண்டு மாதங்களிலேயே நடக்கிறது. ஏசிஎல் அறுவைசிகிச்சை செய்தவர்கள் 9 மாதத்துக்கு முன் களம் இறங்குவது வினை. திரும்புவதை அந்த 9 மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் அடிபடும் விகிதத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்கிறது நார்வே ஆய்வு ஒன்று. முழங்கால் வீங்கினாலோ, ‘டப்’ என்று சத்தம் கேட்டு கால் நிற்காமல் போனாலோ, எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா விளையாட்டு அறிவியல் மையம் போல, இதற்கென்றே இயங்கும் இடங்களும் உண்டு.

பள்ளி, கல்லூரி அணிகளை நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்களுக்குத்தான் இதில் பெரிய பலம். உலக கிளப்புகள் தடுமாறிய இடத்தில் அவர்கள் ஜெயிக்கலாம். ஏனென்றால், அங்கே கோச்சும் பிசியோவும் ஒரே ஆள். அவர் ‘வார்ம்-அப் முடிக்காம யாரும் பந்தைத் தொடக் கூடாது’ என்று சொல்லிவிட்டால் விவாதம் முடிந்தது.

டர்ஃப் நண்பர்களுக்கு அப்படி ஒரு வாத்தியார் இல்லை. அதனால் ஒரு சின்ன யோசனை: 7 மணிக்கு ஆட்டம் என்றால், வாட்ஸ்அப் குரூப்பில் 6.40 என்று மெசேஜ் போடுங்கள்.